வானம் பார்த்தவர்கள்

அவன் பொய் சொல்லி வந்தவனில்லை.
முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை மாசத்துப் புயல் ராத்திரி,
எங்கள் துறையில் கரண்ட் இல்லை, டவர் இல்லை,
முட்டத்து விளக்குகூட
நனைந்த பீடிபோல் மழைக்குள் மங்கிக் கிடந்தது.
உயிரோடிருந்தது ஒரேயொரு வயர்லெஸ் பெட்டி,
கிளீற்றஸின் ஐஸ் கம்பெனி மாடியில்.
கோயில் முற்றத்தில் ஊர் முழுக்க
அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.
விடியுமுன் பதினோரு பெயர் சொன்னான்.
பதினொன்றும் கரைக்கு வந்தது.
சொல்லாத பெயர்கள் வரவில்லை.

பிறகு எப்படியோ
அவன் சொன்னதால்தான் வந்தார்கள் என்று ஆகிப்போனது.
அப்படி ஆக்கினது யார் என்று கேட்டால்
நான்தான் முதலில் சொன்னேன்.
ஏழாவது பெயர் என் மைத்துனன்.

ஊர் கமிட்டிக்கு ஒரு வருஷம் தலைவராயிரும் என்றோம்.
வேண்டாம் என்றான். காலில் விழாத குறை.
சரி, ஒரு வருஷம் என்றான்.
கோயில் கோபுரத்தில் சைரன் வைத்தான்,
அடுத்த புயலில் ஒரு உயிரும் போகக்கூடாதென்று.
கை தட்டினோம்.
சுவிட்ச் அவன் வீட்டில்.
அதற்கும் தட்டினோம்.

கமிட்டிக் கணக்கு நான். கையெழுத்து நன்றாயிருக்கும்.
டீசல் டோக்கன், ஐஸ் பற்று, நிவாரணப் பட்டியல்
எல்லாம் மையில் எழுதிவந்தேன்.
இரண்டாம் வருஷம் ஒரு பென்சில் தந்தான்,
அவனே சீவிய பென்சில்.
"ததேயு, ஆளு மாறும். மையில எழுதுனா
பக்கம் வீணாப் போவும்லா?"
கொள்ளாம் என்றுதான் தோன்றியது.

ஓட்டுக்கு நாள் குறித்த ஞாயிறுகளில் சைரன் ஊதும்.
ஓடத்தில் வைத்த சாயா தளும்பாத கடல்;
ஊதும்.
"உயிரா பெருசு, ஓட்டா பெருசு?" என்பான் மைக்கில்.
குரல் உடையும் அவனுக்கு, நிஜமாகவே.
அந்த ராத்திரியின் அதே குரல்.
எங்களுக்குள் ஏதோ ஒன்று முழங்கால் மடக்கும்.

மெற்றில்டா மட்டும் கேட்டாள்:
"ஐஸ் கட்டி நூறு, எப்படி நூற்றெண்பது ஆச்சு?"
அவன் சொல்லாத பெயர்களில் ஒன்று சிலுவைதாசன்,
அவள் புருஷன்.
கிளீற்றஸ் கோபப்படவில்லை. சிரித்தான்.
மறுநாள் அவள் வள்ளத்து மீனுக்கு
ஒருவரும் விலை கேட்கவில்லை.
கேட்காதே என்று யாரும் யாரிடமும் சொல்லவுமில்லை.
உச்சிவரை வெயிலில் கிடந்தது சாளை,
காக்காகூட யோசித்தது.
என் வீட்டில் அன்றைக்குக் கோழிக்கறி.

ரப்பர் வைத்து அழித்தேன் அவள் பெயரை.
மன்னிப்புக் கேட்டாள், எழுதினேன்.
மறுபடி கணக்குக் கேட்டாள், அழித்தேன்.
நாலாம் தடவை தாள் ஓட்டையாகி
அடுத்த பக்கத்துப் பெயர் தெரிந்தது.
அதையும் நான்தான் எழுதியிருந்தேன்,
நல்ல கையெழுத்தில்.

அந்த ஒரு வருஷத்துக்கு இப்போது ஒன்பது வயசு.
சைரன் ஊதினால் மண்டபத்துக்கு ஓடுகிறோம்,
தலை குனிந்து.
அவன் மாடியிலிருந்து பார்ப்பதில்லை,
முட்டுவலி, படி ஏற முடியாது.
வயர்லெஸ் பெட்டிக்குள் எறும்பு புற்று வைத்திருக்கிறது.
பார்ப்பது நாங்கள், ஒருவரையொருவர்,
யார் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று.
அண்ணாந்தால் நட்சத்திரம் தெரிந்துவிடும்.
இதற்கென்று என் நோட்டில் ஒரு பத்தி உண்டு.

நேற்று ராத்திரி மூன்று பேர்.
மெற்றில்டா ஓடவேயில்லை.
வள்ளத்தில் சாய்ந்து ஆகாசத்தைப் பார்த்திருந்தாள்,
சினிமா பார்ப்பதுபோல.
இன்னொருவன் குளச்சலிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை,
விஷயம் தெரியாதவன்.
மூன்றாவது ரெஜிஸின் மகள், ஏழு வயசு.
"நட்சத்திரம்லா நிக்குது" என்று விரல் நீட்டினாள்.
அவள் அம்மை அந்த விரலை மடக்கி
முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று பெயரையும் எழுதினேன்.
பென்சிலில்தான்,
அமுக்காமல்.