பத்து விநாடி

லியேபாயாவில் ஜன்னலெல்லாம் உறைபனி.
சுவரில் சிவப்பு எண்கள்:
இருபது விநாடி வடக்கயிறு,
பத்து விநாடி மூச்சு.

ஆறாம் சுற்று முடிந்ததும் அக்னியா
ஒட்டுப்பட்டையைப் பல்லால் இழுத்துப் பிய்த்தாள்.
உள்ளங்கையில் காசளவு தோல் இல்லை.
சுண்ணத்தூளை அப்பிக்கொண்டாள்.

இலையுதிர்காலம் முதல் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள்.
தொடையில் அது தசை.
போட்டி உடைக்கு அது வெறும் இறுக்கம்.

நான் முழங்காலில் கையூன்றி
ஓட்ஸ் கஞ்சியைத் தொண்டையிலேயே தடுத்துக்கொண்டிருந்தேன்.
அவள் நிமிர்ந்து நின்றாள், ஒட்டிய குதிகால்களோடு.
"உட்காரேன்டி" என்றேன்.

சமநிலைக் கட்டையின் அகலமும் பத்துதான், சென்டிமீட்டரில்.
ஆறு வயதிலிருந்து
அவ்வளவு இடத்தில்தான் இளைப்பாறிப் பழக்கம் அவளுக்கு.

மூன்று. இரண்டு.
வடம் அவள் கையில்
அதற்குள் நெளியத் தொடங்கிவிட்டது.