நூற்றிருபது லிட்டர் கடல்

செவ்வாய்க்கிழமைகளில் கடல் கலப்பது என் வேலை.
வடிகட்டிய தண்ணீர் ஒரு கேன்,
சென்னையிலிருந்து வரும் பை உப்பு,
உப்புமானியில் கோடு தொடும்வரை
ஒரு கரண்டி, இன்னும் அரைக் கரண்டி.
தருமபுரி, பென்னாகரம் சாலை,
பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில்
நூற்றிருபது லிட்டர் கடல்.
டோக்கன் கூப்பிடுவதும் நான்தான்.

வாங்கிய பாறையில் ஒட்டிக்கொண்டு வந்தது அது.
பில்லில் இல்லை.
கத்தரிப்பூ நிற உடம்பு, ஓரம் முழுக்க மஞ்சள் ஜரிகை,
முதுகில் செவுள், விரித்தால் கொத்துப்பூ.
ஓடு கிடையாது. ஓடிப்போகவும் தெரியாது.
என்னைத் தின்றால் கசக்கும் என்று
அத்தனை நிறத்திலும் எழுதிக்கொண்டு
கோமாளி மீன்களுக்கு நடுவே
நிதானமாக நகர்ந்தது.
நாக்கு முழுக்கப் பல்லாம் அதற்கு.
ஷாகிதா டாக்டர் போனில் படித்துச் சிரித்தார்:
"ஒரு கறைகூட இருக்காது பாரு."

டோக்கன் பதினொன்று,
பாலக்கோட்டுத் தக்காளி மண்டிச் சின்னமாது.
ஒகேனக்கல் குழாய் வருமுன் முளைத்த பற்கள்.
போர்த் தண்ணீர் பழுப்பில் கையெழுத்துப் போட்டவை.
மறைக்காமல் சிரிப்பார்.
தொட்டியருகே குந்தி உட்கார்ந்து கேட்டார்:
"இது என்ன தின்னும்?"
"கடல்பஞ்சு. அதிலும் ஒரே ஒரு வகை."
"இங்க இருக்கா?"
"இல்ல."
கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த நாளில்
கூடைகளைப் பார்க்கிற மாதிரி
கொஞ்சநேரம் அதைப் பார்த்தார்.
"நல்ல தண்ணியில பட்டினி."

நாங்கள் தலைகீழ்.
வயிறு நிறையக் களி,
தொண்டை நிறைய அந்தத் தண்ணீர்.

அடுத்த வாரம் பல்லுக்காக வரவில்லை.
மஞ்சள் பையில், வேலியிலேயே காய்ந்த பீர்க்கங்கூடு.
"பஞ்சுதானே, போட்டுப் பாரு."
விதையெல்லாம் உதறி,
ஒரு தரம் அலசியும் வைத்திருந்தார்.
இது வேறு பஞ்சு என்று சொல்ல வாய் வரவில்லை.
மேசை இழுப்பறையில் வைத்தேன்,
ரசீது புத்தகத்துக்குப் பக்கத்தில்.

கட்டைவிரல் நீளம் இருந்தது.
சுண்டுவிரல் ஆனது.
பிறகு புளியங்கொட்டை.
ஜரிகை மட்டும் மங்கவேயில்லை.

ஒரு திங்கட்கிழமை காணோம்.
பாறையைப் புரட்டினேன், வடிகட்டியைப் பிரித்தேன்.
கண்ணாடியில் மட்டும்
சுற்றிச் சுற்றி ஒட்டிய வெள்ளை ரிப்பன்,
கை நடுங்காத யாரோ முறுக்கு பிழிந்த மாதிரி.
முழுக்க முட்டை.
பொரித்தாலும் தின்ன என்ன இருக்கிறது இங்கே?

"கண்ணாடி அழுக்கா இருக்கு நாகவேணி" என்றார் டாக்டர்.
துடைத்தேன்,
அதை விட்டுவிட்டு, அதைச் சுற்றி.

சாயங்காலம் மண்டி இரைச்சலுக்குள்ளிருந்து
சின்னமாது போனில் கேட்டார்,
கூட்டைத் தின்றதா என்று.

"ஒரு ஓரமா கடிச்சிருக்குண்ணா" என்றேன்.