அப்பியாசக் கொப்பி

கிளினிக்குக்குக் கொப்பி ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள்.
மெசெஞ்சர் வீதி முனைக் கடையில் வாங்கினேன்,
எண்பது பக்கம், ஒற்றைக் கோடு.
மட்டையில் அச்சடித்திருந்தது: அப்பியாசக் கொப்பி.
பெயர் என்ற இடத்தில் ம. யூஜின் பத்திநாதன்.
பாடசாலை என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.
பாடம் என்ற இடத்தில்
நிலந்தி மிஸ் சிவப்புப் பேனாவால் எழுதினா: சீனி.

வந்துவிட்டதா என்று கேட்டேன்.
இன்னும் இல்லை, ஸ்டாண்டில் நிற்கிறது,
அடுத்த ஹயர் நீங்கள்தான் என்றார் டொக்டர்.
நான் ஓட்டோக்காரன் என்று தெரிந்தே சொன்னார்.
நூற்றுப் பதினெட்டு.
இடுப்பைச் சுற்றிப் போன டேப்
நூற்று நான்கில்தான் முனையைக் கண்டது.
பிறகு முதல் பக்கத்தில் ஏதோ கிறுக்கினார்.
ஒரு சொல் மட்டும் தெளிவு: நட.

நடப்பதா.
பத்தொன்பது வருசம் மூன்று சில்லுக்கு மேலே
குந்திக்கொண்டே கொழும்பை அளந்தவன் நான்.
கிராண்ட்பாஸ், ஆமர் வீதி, மருதானை, பொரளை,
இதில் எந்தத் தார் ரோட்டுக்கும் என் காலைத் தெரியாது.
தேத்தண்ணிகூட ஹேண்டில் பக்கம் வந்து சேரும்,
மூன்று கரண்டி சீனியோடு, மாலு பாணோடு.

விடிய ஐந்தேகாலுக்கு ஒரு நிரந்தர ஹயர்,
தெமட்டகொடையிலிருந்து சுதந்திரச் சதுக்கத்துக்கு.
ஜெஸீமா மேடம் நடக்கப் போறா.
நாற்பத்தைந்து நிமிடம் அவ சுற்றுவா,
நான் பின் சீற்றில் காலை நீட்டிப் படுத்திருப்பேன்.
நடை அவவுக்கு,
நடைக்கூலி எனக்கு.

முன்னே எப்போதாவது உடம்பை வருத்தினீர்களா
என்று டொக்டர் கேட்டதற்கு
இல்லை என்று சொல்லிவிட்டு, வீதிக்கு வந்த பிறகுதான்
அந்த வருசம் ஞாபகம் வந்தது.
பெற்றோல் வரிசை. மூன்று பகல், இரண்டு இரவு,
எஞ்சினை நிறுத்தித் தோளால் தள்ளித் தள்ளி
முன்னால் நின்றவனின் பின் விளக்குவரை, பிறகு இன்னும் ஒரு முழம்.
பெல்ட்டில் புதிதாய் இரண்டு ஓட்டை போட்டேன்.
அந்த வருசம் சீனி இருக்கவில்லை,
கடையிலும் இல்லை, இரத்தத்திலும் இல்லை.
அதை இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன்.
பசிக்கு அப்பியாசம் என்று பெயர் வைக்க
வாய் கூசுகிறது.

ஒரு திங்கட்கிழமை ஓட்டோவைப் பூட்டிவிட்டு இறங்கினேன்,
தேய்ந்த பாட்டாச் செருப்போடு.
மேடத்துக்குப் பின்னால் போக வெட்கம்,
எதிர்ப் பக்கமாய்ச் சுற்றினேன்.
முதல் தரம் எதிர்ப்பட்டபோது பதறிப்போனா:
"ஏன், ஓட்டோவ ஆராச்சும் தூக்கிட்டாங்களா?"
இரண்டாம் தரம் சிரித்தா.
மூன்றாம் தரத்துக்கு நான் போய்ச் சேரவில்லை,
கல் சிங்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பத்து நிமிடத்தில் தொடங்குங்கள் என்றிருந்தார் டொக்டர்.
மூச்சு வாங்கலாம், ஆனால் பேச முடியவேண்டும்,
பாட முடிந்தால் வேகம் காணாது.
பேசிப் பார்த்தேன், சிங்கத்தோடு.

இப்போது ஸ்டாண்டிலிருந்து இருநூறு யார் தள்ளி நிறுத்துகிறேன்.
என் முறை வந்தால் பியதாஸ விசிலடிப்பான்.
சிலது கைவிட்டுப் போகிறது, அதையும் எழுதுகிறேன்.
புதன்: மழை. நடக்கவில்லை.
வியாழன்: இருபது நிமிடம். ஒரு ஹயர் நட்டம்.
வெள்ளி: இருபத்திரண்டு. மாலு பாண் ஒன்று தின்றேன்,
கொப்பிக்குப் பொய் சொல்லக் கூடாது.

மூன்றாம் மாதம், கிளினிக் நாள்.
ஓட்டோ வீட்டில்.
இரத்தம் எடுத்தாச்சு, முடிவு பின்னேரம்தான்.
பிரஷர் பார்க்கக் கையைப் பிடித்த நிலந்தி மிஸ்
நாடி துள்ளுவதைக் கண்டு விட்டுவிட்டா.
நடந்தா வந்தீங்க?
அப்ப இருங்க, பத்து நிமிடம்,
ஆடாமல் அசையாமல் இருங்க.

இருந்தேன்.
பத்து நிமிடம் இவ்வளவு நீளமென்று
பத்தொன்பது வருசத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.