பின்னால் வருவது

ஜிப்சியின் எடை தொள்ளாயிரத்து எண்பத்தைந்து கிலோ.
டாஷ்போர்டில் காய்ந்த எலுமிச்சம்பழத்தையும் என்னையும் சேர்த்தால்
ஆயிரத்தைத் தாண்டும்.
படகு நூற்றிப்பத்து.
போன வெள்ளத்துக்குப் பிறகு, வீட்டுக்கு மூவாயிரம் போட்டு,
எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்புச் சங்கம் வாங்கிய ஃபைபர் படகு.
வாங்கிய பிறகுதான் தெரிந்தது,
படகு தண்ணீரில் போகும்,
தண்ணீர் இருக்கும் இடம்வரை போகாது.

"உங்ககிட்டதான் ஃபோர் வீல் டிரைவ் இருக்கே"
என்றார் பொருளாளர் கோதண்டபாணி.
இருக்கிறது. பதினேழு வருடமாக.
இடத்தை அடைக்கிறது, விற்றுவிடுங்கள் என்றவரும் அவர்தான்.

புதுப்பேட்டையில் ஜாபர்தீன் ஒரு ராணுவ டிரெய்லர் காட்டினார்.
பச்சைப் பெயின்டுக்குக் கீழே இன்னொரு பச்சை.
"ஆயுசுக்கும் ஆடாது மேடம்."
ஆடாதுதான். வெறும் வண்டியே நானூற்றைம்பது.
பிரேக் இல்லாத டிரெய்லர், பாரத்தோடு,
இழுக்கிற வண்டியில் பாதி எடையைத் தாண்டக் கூடாது.
தாண்டினால்? கோதண்டபாணி கேட்டார்.
இறக்கத்தில் அது நம்மை ஓட்டும், என்றேன்.
கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து
மனசுக்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்தார் போல.
அதற்குப் பிறகு விலை பேசவில்லை.

பாடியில் சலேத்நாதன் பட்டறை.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
என்ன ஏத்துவீங்க?
படகு.
வருஷத்துல எத்தனை நாள்?
நாலு நாள். மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை.
மிச்ச நாளுக்கு?

என்னிடம் பதில் இல்லை.
அவர் சாக்பீஸால் தரையில் வரையத் தொடங்கினார்.
சக்கரங்களுக்கு இடையே ஜிப்சியின் அகலமே இருக்கட்டும்,
முன்னே போகிற டயர் வெட்டின தடத்திலேயே பின்னது வரும்,
சேற்றில் இழுவை குறையும்.
டயரும் அதே பதினைந்து, அதே ஐந்து போல்ட்டு,
ஒரு ஸ்டெப்னி ரெண்டுக்கும் ஆகும்.
பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்காரணும்.
குறைந்தால் வால் ஆட்டும்.
ஒவ்வொரு தரம் தண்ணீரில் இறங்கி ஏறினதும்
பேரிங்குக்குப் புது கிரீஸ்.
"நாக்கு நீளமா வெக்கிறேன் மேடம்.
குட்டை நாக்குக்கு ரிவர்ஸ்ல கோபம் ஜாஸ்தி."

சங்கக் கூட்டத்தில் வசுமதி கூரை கேட்டார்.
கோதண்டபாணி, இரண்டு பக்கமும் சங்கத்தின் பெயர்.
நான் வாசித்தேன்: நூற்றறுபது கிலோ, நாலடிக்கு ஏழடி,
கூரை இல்லை, அறுபத்தெட்டாயிரம்.
கை தூக்கினார்கள்.
அதே கூட்டத்தின் ஏழாவது தீர்மானம்,
கேமரா வந்துவிட்டதால் இரவுக் காவலர் தேவையில்லை.
அதற்கும் தூக்கினார்கள்.
என் கையும் எங்கேயோ இருந்தது.

ஐப்பசியில் மழை கடலூர்ப் பக்கம் போய்விட்டது.
டிரெய்லரின் முதல் பாரம்
ஏகாம்பரத்தின் பீரோ.
கிரைண்டர், சிலிண்டர், மூன்று மூட்டை பாத்திரம்.
டிவியை மட்டும் கஸ்தூரி யாரிடமும் தராமல்
மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.
கனமானதை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைக்கச் சொன்னேன்.
ஏகாம்பரம் படகுக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்,
போன வெள்ளத்தில், படகெல்லாம் வருமுன்,
கோதண்டபாணியைக் கல்யாண அண்டாவில் உட்காரவைத்து
மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போன அதே கையால்.
நீட்டிக்கொண்டிருந்த பீரோ முனைக்குச் சிவப்புத் துணி கேட்டேன்.
சங்கம் கொடுத்த தீபாவளித் துண்டு சிவப்பாக இருந்தது.

பெரும்பாக்கம் வரை ஒரு ஆட்டம் இல்லை.
பின்னால் ஒன்று வருகிறது என்பதே மறந்துபோனது.

திரும்பும்போதுதான்,
மேடவாக்கத்தின் ஒவ்வொரு வேகத்தடையிலும்
காலி டிரெய்லர் துள்ளித் துள்ளி விழுந்தது.
சங்கிலியில் ஒரு கண்ணி அதிகம்.
ரோட்டில் உரசி, இருட்டில் பொறி.

ஓரமாக நிறுத்தி சலேத்நாதனுக்கு போன் போட்டேன்.
ஒரு கண்ணிதானே, வெட்டிடலாம்.
பாரம் வெச்சு ஓட்டிப் பாத்தீங்களா?
பார்த்தேன்.
எப்படி வந்துச்சு?