இருபது நிமிடம்

பழைய தளத்தில் இருபது நிமிடம்தான்.
அதற்குள் ஐந்து பக்கமும் நிரப்பாவிட்டால்
பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரதாபன் அண்ணைக்கு அது பிழையாகவே தெரியவில்லை.
"கச்சேரியிலும் அப்பிடித்தானே?"
ஓம், அப்படித்தான்.
இணையத்தில் ஒவ்வொரு பக்கமும்
இன்று காலை மாற்றலாகி வந்த கிளார்க்.
பக்கத்து மேசையில் நீங்கள் சொன்னது இவருக்குத் தெரியாது,
கேட்டுப் பார்க்கும் எண்ணமும் இல்லை.

அதனால் ஒரு துண்டு கொடுக்கிறோம்,
ஆசுபத்திரிக் கிளினிக்கில் தருவார்களே, அதுமாதிரி.
குக்கி என்று பெயர், இனிப்பு ஒன்றும் கிடையாது.
உங்கள் போனிலேயே கிடக்கும்.
அடுத்த பக்கத்தில் அதை நீட்டினால்
அலுமாரியைத் திறந்து
நீங்கள் எழுதியதை எடுத்து வைப்போம்.
அந்த அலுமாரிக்குத்தான் இருபது நிமிடம்.

மூதூர் பஸ்ஸில் நானே நிரப்பிப் பார்த்தேன்,
வீட்டுத்திட்ட விண்ணப்பம், இல்லாத ஒரு ஆளின் பெயரில்.
கிண்ணியாப் பாலத்தில் சிக்னல் விழுந்தது.
திரும்ப வந்தபோது
வணக்கம், உங்கள் முழுப்பெயர்?

முப்பது நாளாக்கினேன்.
எழுத எழுதவே சேமிக்கும்படி செய்தேன்.
வெளியே உட்துறைமுக வீதியில்
சேவர் வந்த மட்டைப்பெட்டியை
ஒரு புள்ளிமான் நின்று நிதானமாய்த் தின்றது.

பேந்துதான் பதிவேட்டில் அதைக் கண்டேன்.
பெயர் தெரியாது. பெயர்களைப் பூட்டித்தான் வைத்திருந்தேன்.
எண்களையும் பூட்ட வேண்டுமென்று தோன்றவில்லை.
908 என்று முடியும் துண்டு அது.
இரவு ஒன்பதே காலுக்கு வரும்.
மூன்று பக்கமும் நிரம்பியபடி இருக்க
நாலாவது திறக்கும்.
குடும்பத்தில் தற்போது எத்தனை பேர்?

ஐந்து.
அழித்து, நாலு.
அழித்து, திரும்பவும் ஐந்து.
பிறகு வெறும் பெட்டி.
போய்விடும்.

அடுத்த நாளும். அதற்கடுத்த நாள் மழை,
நகரம் முழுக்கக் கரண்ட் இல்லை,
ஒன்பது நாற்பதுக்கு வந்தது.
பதினொரு இரவுகள் எண்ணிப் பார்த்தேன்.
'தற்போது' என்ற சொல்லை அந்தக் கேள்வியில்
யார் போட்டதென்று தேடினேன்.
நான்தான்.

"முடிக்காத விண்ணப்பங்களை அழிச்சுவிடும் தங்கச்சி,
இடம் அடைக்குது" என்றார் அண்ணை.
நாலு கிலோபைட்.
மான் மென்ற மட்டையில் ஒரு மூலைக்கும் காணாது.

சிவப்புப் புள்ளி போட்ட கட்டாயக் கேள்வி அது,
எடுக்க எனக்கு அதிகாரமில்லை.
ஒவ்வொரு முறை வரும்போதும்
முப்பது நாளும் முதலிலிருந்து தொடங்கட்டும்
என்று ஒரேயொரு வரி மாற்றினேன்.
பிறகு எண்களையும் பூட்டினேன்.

ஒன்பதே கால்.
திறந்தது என்று மட்டும் காட்டுகிறது.