மெயினை அணைத்த பிறகும்

சுண்டுக்குளியில் அந்த வீட்டுக்குச் சுவர் இரண்டடி.
வைஃபை முன்ஹோலைத் தாண்டாது.
"துளை மட்டும் போடாதை பிள்ளை,
போட்டதெல்லாம் காணும்" என்றா ஜெசிந்தா ரீச்சர்.
ஷெல்லைச் சொன்னாவா, போன கிழமை
ஏசி பூட்ட வந்தவனைச் சொன்னாவா,
நான் கேட்கவில்லை.
ட்றில் பைக்குள்ளேயே கிடந்தது.

பின்னறையில் மகன் றொஷாந்.
இரவு பத்துக்குப் பிறகு அவனுக்கு ரொறன்ரோவில் வேலை,
யாரோ ஒரு பல்வைத்தியரின் கணக்குவழக்கு.
கராஜ் வாசலில் கதிரை போட்டு
நுளம்புக்குக் காலைச் சாக்கால் மூடி
நாலு மாதம் சிக்னல் பிடித்திருக்கிறான்.

நான் கொண்டுபோனது இரண்டு வெள்ளைப் பெட்டி,
சவர்க்காரக் கட்டியளவு.
ஒன்று றவுற்றருக்குப் பக்கத்துச் சொக்கற்றில்,
மற்றது பின்னறையில்.
கறன்ற் போகிற கம்பியிலேயே கதையும் போகும்.
செக்கனுக்கு ஐம்பது தரம் புரண்டு படுக்கிற கறன்ற்றின் முதுகில்
கோடி தரம் துடிக்கிற ஒன்றை ஏற்றிவிடுவது,
அவ்வளவுதான்.

"அப்ப இன்ரநெற் ஷொக் அடிக்காதோ?"

முன்பெட்டி பச்சை. பின்பெட்டி சிவப்பு.
பிறிட்ஜை நிறுத்தினேன். சிவப்பு.
கிணற்று மோட்டரை நிறுத்தினேன்,
இந்த ஊரில் என் தொழிலுக்கு முதல் எதிரி அதுதான்.
சிவப்பு.
குசினியில் குத்தினால் பச்சை.
மாதா படத்துக்குக் கீழே குத்தினாலும்
சின்ன பல்பு சிமிட்டச் சிமிட்ட எண்பது எம்பி.
பின்னறை மட்டும் மாட்டேன் என்றது.

வேறு வழியில்லாமல் வயரிங்கை வாசித்தேன்.
மரப்பட்டியில் ஓடுவது வீடு கட்டினபோது போட்டது.
ஊருக்கே கறன்ற் இல்லாத வருசங்களில்
ஒன்றையும் கடத்தாமல் கிடந்தது, எலிக்கு வழிகாட்டியபடி.
அதற்கு மேலே பிவிசி, திரும்பி வந்த பிறகு.
மூன்றாவதாய் ஒன்று, கறுப்பு, மலிவு,
பின்னறை நிலைக்கு மேலால் நுழைகிறது.
எங்கேயிருந்து?

மெயினை அணைத்தேன்.
வீடு முழுக்க நின்றது. மாதாவும் இருண்டா.
பின்னறையில் ஃபான்
சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏணி வைத்து ஏறினேன்.
கறுப்பு வயர் மதிலைத் தாண்டி
பக்கத்து அந்தோனிமுத்து வளவுக்குள் இறங்கியது.
அந்த மதிலைப் பற்றித் தேத்தண்ணி ஆற முதலே
ரீச்சர் சொல்லியிருந்தா:
ஒன்றரைச் சாண் காணி, ஒன்பது வருச வழக்கு,
ஒரே பூசை, வேறு வேறு வாங்கு.

சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
வயரைப் பிடித்துக் காட்டினேன்.
"தெரியும்" என்றார்.
இரண்டு அமத்து அமத்திவிட்டு:
"அவையள் திரும்பி வந்தநேரம் பெடியன் ராவிலை பயந்து கத்துவான்.
மீற்றர் வர எட்டு மாதம்.
பிறகு கழட்ட ஞாபகமில்லை."
கடைசி வசனத்தை டயருக்குத்தான் சொன்னார்.

"பில்லு?"
"ஒரு ஃபான், ஒரு லைற்."
"இப்ப ஒரு கொம்பியூட்டரும்."
காற்றுக் காணுமோ என்று பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

இரண்டு மீற்றர் தாண்டி என் பெட்டிகள் பேசா.
சாமானை ஒதுக்கும்போதுதான் கண்டேன்,
சுவர் ஓரமாய், நாலு தரம் பெயின்ற் குடித்த
பழைய ரெலிபோன் வயர்.
லைன் வெட்டிப் பதினொரு வருசம்.
இரண்டு நூல் செம்பு. அது போதும்.
அதற்கான சோடிப் பெட்டி
விலைபோகாமல் என் ஸ்கூட்டிக்குள் வருசமாய்க் கிடந்தது.

பச்சை. இரண்டும்.
றொஷாந் கதிரையை உள்ளே தூக்கிப்போனான்,
சாக்கையும் சேர்த்து, பழக்கத்தில்.

"அப்ப கறன்ற் வயருக்கு என்ன வருத்தம்?"
"எர்த் சரியில்லை ரீச்சர்.
பின்னறைக்கு ஒரு பிறேக்கர் போடவேணும்.
வாற கிழமை வாறன்."
பொய்யில்லை.

ஹெல்மெற் மாட்டும்போது கேற்றடிக்கு வந்தா.
குரலைக் குறைத்து,
"போடு பிள்ளை. ஆனால் அந்தக் கறுப்பு வயரிலை
கை வையாதை."

மதிலுக்கு அங்காலை
பம்ப் சத்தம் நின்றிருந்தது.