நாற்பத்தொன்றாம் மனை

யத்விகாவின் மேல் மூன்று புகார்கள் எழுதியிருக்கிறேன்.
முதலாவது, கெண்டி மூக்கு வைத்த வளைக்கரடி.
என் முட்டைக்கோசுப் பாத்தியையே பார்த்து உட்கார்ந்திருந்தது,
எதையோ ஊற்றப்போவதுபோல்.
இரண்டாவது, எட்டுக் கால் கோழி.
மூன்றாவது, உயரம்.
விதிப்புத்தகம் ஐம்பது சென்டிமீட்டர் என்கிறது.
அவளுடைய கொம்பு முளைத்த தவளை ஐம்பத்து மூன்று.
வேலிக்கு மேலே கையை நீட்டி நானே அளந்தேன்.
முப்பத்தாறு வருடம் நிலம் அளந்த கை, தப்பாது.

தோருன் நகரத்து விளிம்பில், விஸ்துலா ஆற்றங்கரையில்
ஆளுக்கு முந்நூறு சதுர மீட்டர்,
ஒரு குடில், ஒரு குழாய்.
டிராம் ஓட்டிவிட்டுச் சீருடையோடே வருவாள்,
களிமண்ணை மேசையில் அறைவாள்,
அக்கரைக்குக் கேட்கும்.
வயிற்றைக் குடைந்து, காதைக் கீறி,
மண்கூழ் தடவி ஒட்டி,
ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஊசியால் ஒரு துளை.
"காற்றுப் போக வழியில்லையென்றால்
சூளையில் வெடித்துவிடும்" என்றாள், நான் கேட்காமலே.
"உங்களுக்கும் ஒன்று போடலாம், திரு செவெரின்."

அக்டோபரில் முழங்கால் அறுவைக்குப் போனாள்.
குடிலின் சாவி என் வாளிக்குள் கிடந்தது,
கூடவே ஒரு சீட்டு:
உறைபனிக்கு முன் எல்லாரையும் உள்ளே வைக்கவும்.
மெருகிடாத மண், தண்ணீர் குடிக்கும்,
குடித்தது உறைந்தால் பிளக்கும்.
தயவுசெய்து என்று எங்கும் இல்லை.

பதினைந்து உருப்படி.
கோழியை எந்தக் காலைப் பிடித்துத் தூக்குவது?
தவளைக்குக் கொம்பு எதற்கென்று அன்றுதான் புரிந்தது.
பதினாலோடு குடில் நிரம்பிவிட்டது.
மிச்சம் ஒன்று. அதை நான் முன்பு பார்த்ததே இல்லை.
உரக்குழிக்குப் பின்னால், காஞ்சொறிச் செடிக்குள்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது:
வாத்து உடம்பு, ஆள் முகம்.

கோட்டில் சுற்றி டிராமில் மடியில் வைத்துக்கொண்டேன்.
எதிர் இருக்கைச் சிறுமி கேட்டாள், கடிக்குமா?
பகலில் கடிக்காது, என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.
இறங்கும்வரை அவள் ஜன்னலையே பார்த்திருந்தாள்,
இருட்டுகிறதா என்று.

சமையலறை விளக்கில்தான் தெரிந்தது
அந்தப் புருவம் என்னுடையது.
இறக்கைக்கு அடியில் ஒரு மடக்கு அளவுகோல்.
கோடுகளை எண்ணினேன், ஒன்பது.
வேண்டுமென்றே ஒன்றை விட்டிருக்கிறாள்.
கவிழ்த்தால் அடியில் அவள் பெயர் இல்லை,
41. என் மனை எண்.
பின்புறத்துத் துளை
மற்றவற்றுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிது.

இரண்டு நாள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
மூன்றாம் நாள் ரொட்டி அறுக்கையில்
முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடியவில்லை.
அந்தக் குளிர்காலம் மைனஸ் பத்தொன்பது வரை போனது.
வானொலி சொன்ன எல்லாவற்றுக்கும்
நாங்கள் இருவரும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டோம்.

ஏப்ரலில் ஊன்றுகோலோடு வந்து எண்ணினாள்.
பதினாலு, என்றாள்.
ஒன்று பனியில் வெடித்துவிட்டது, என்றேன்.
ஒரு எல்லைக்கல்லைக்கூட விரற்கடை நகர்த்தி எழுதாதவன் நான்.
"போகட்டும், சில்லுகளைக் கொடுங்கள்.
இடித்துப் புது மண்ணில் கலந்தால்
அடுத்தது விரிசல் விடாது."

வீட்டுக்குப் போய் என் பூந்தொட்டிகளில்
நல்லதாக ஒன்றைச் சாக்கில் போட்டு
சுத்தியலால் அடித்தேன்.
இரண்டாம் அடிக்குத்தான் உடைந்தது.
மறுநாள் சாக்கைக் கொடுத்தேன்.
ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பினாள்.
"இது செம்மண்" என்றாள்.
"நான் பிசைவது வெளிர்மண்."

பிறகு இரும்பு உரலை இழுத்துப் போட்டு
இடிக்கத் தொடங்கினாள்.
அக்கரைக்குக் கேட்டிருக்கும்.